பெட்டிகளை டில்லியிடம் கொடுக்காதே

குமரேசா,

போன வாரம் நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் அது பொய்யாக இருக்கிறது. சோறு நன்றாகவே இறங்குகிறது. உன் அம்மா நேற்று வைத்த கத்திரிக்காய்க் காரக்குழம்புக்கு இன்னொரு முறையும் தட்டை நீட்டினேன். இறங்காமல் தொண்டையில் நிற்பது நீ கடைசியாகச் சொன்ன ஒன்றுதான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறாய், முதல் வருஷம் தனியாகப் போகிறாய், அதுவரை மருமகளும் பேத்தி யாழினியும் ஆரணிக்கு வந்து எங்களோடு இருப்பார்கள், மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பாள், பேத்தியை இங்கேயே பள்ளியில் சேர்க்கலாம் என்றாய். அதுவரைக்கும் எல்லாம் எனக்குச் சர்க்கரைதான். உன் அம்மா அன்றைக்கே மாடி அறையில் ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். போனை வைக்கப் போகும்போதுதான், "நைனா, என் கேம் பெட்டிங்கள எல்லாம் டில்லி அண்ணன் வூட்ல வச்சிட்டுப் போறேன், அவருக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றாய். நான் சரி என்றேன். போனில் சரி என்று சொல்லிவிடுவது எனக்குப் பழக்கம். இப்போது எழுத்தில் சொல்கிறேன், சரியில்லை. பெட்டிகளை டில்லியிடம் கொடுக்காதே. என்னிடம் கொடு.

போனிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ இரண்டு சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இப்படி ஒரு வசதி இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள முனிசிபல் பள்ளியில் சாயந்தர வகுப்புக்கு நான் போக ஆரம்பித்தபோது உன் அம்மா, "இந்த வயசுல படிச்சு இன்னா, கலெக்டராவப் போறீங்களா?" என்று சிரித்தாள். கலெக்டர் ஆகவில்லை. ஆனால் செய்யாறு பஸ் எது, சேத்துப்பட்டு பஸ் எது என்று யாரையும் கேட்காமல் ஏறுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் வருகிற சுவரை எல்லாம் படித்துக்கொண்டு போகிறேன். பாதி வாழ்க்கை நான் போய்வந்த ரோட்டில் இவ்வளவு பேச்சு எழுதி வைத்திருக்கிறார்கள். மூலத்துக்கு வைத்தியம், கல்யாணத்துக்கு வாழ்த்து, செத்துப்போனவருக்குக் கண்ணீர், எல்லாம் ஒரே சுவரில். மெதுவாகத்தான் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் டீ வரும்போது ஒரு பத்தி முடிகிறது. அவசரமில்லை, நீ கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது.

எனக்கு டில்லிபாபுவின் மேல் பொறாமை. இது நேற்று முளைத்ததில்லை. நீ மூன்றாவது படிக்கும்போதே வந்துவிட்டது. அப்போது நான் புடவை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முள்ளிப்பட்டில் தறி வைத்திருப்பவர்கள் வீட்டில் எடுத்து, வெளியூரில் டீச்சர் வீடு, ஆபீஸ்காரர் வீடு என்று போய், கூடத்தில் விரித்துக் காட்டி, தவணைக்குக் கொடுத்துவிட்டு வருவேன். திங்கட்கிழமை கிளம்பினால் வெள்ளிக்கிழமை இருட்டும்போதுதான் வீடு. அது தப்பென்று நான் இப்போதும் நினைக்கவில்லை. மூட்டை நடந்ததால்தான் வீடு நடந்தது. ஆனால் அதே சமயத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கரும்புச்சாறு கடைக்குப் பக்கத்தில், டில்லி ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில் இரண்டு டிவி வைத்து வீடியோ கேம் கடை போட்டான். மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஆடவிட்டான். வாரத்தில் ஐந்து சாயந்தரம் நீ அவன் கடையில் இருந்தாய். எனக்குச் சனியும் ஞாயிறும் மிஞ்சின. அந்த இரண்டு நாளும் நீ அவனைப் பற்றியே பேசினாய். டில்லி அண்ணன் புது கேம் கேசட் வாங்கியிருக்கிறார், டில்லி அண்ணன் என்னை மட்டும் நேரம் முடிந்த பிறகும் ஆடவிடுவார். ஒருநாள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே, "டில்லி அண்ணன் கண்ண மூடிகினே அஞ்சாவது ஸ்டேஜ் தாண்டுவாரு நைனா" என்றாய். தாண்டட்டும். நான் அந்த வாரம் கண்ணைத் திறந்துகொண்டே ஒரே டீச்சரம்மாவுக்கு மூன்று புடவை விற்றிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

என் சனிக்கிழமை ஒன்றிலும் நீ அங்கே போய்விட்டாய், உன்னை அந்தக் கடையிலிருந்து இழுத்து வருவதற்கென்றே போனேன். உனக்கு ஞாபகம் இருக்காது, ஏனென்றால் நீ என்னைப் பார்க்கவே இல்லை. நீயும் அவனும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆளுக்கொரு ரிமோட் கையில். டிவியில் ஒரு குள்ள மனிதன் ஓடினான், குதித்தான், ஏதோ ஒன்றில் முட்டிக்கொண்டான். உடனே நீயும் டில்லியும் ஒரே நொடியில் சிரித்தீர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்துப் புடவை விற்கிறவன் நான். என் பிள்ளை சிரித்தது எனக்குப் புரியவில்லை. டில்லி திரும்பிப் பார்த்து, "வாண்ணா, குந்து, டீ சொல்றேன்" என்றான். அடித்திருந்தாலாவது தேவலை. நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை வேலூர் போனபோது பஜாரில் ஒரு டிவி கேம் வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளை வீட்டோடு இருப்பான் என்று ஒரு கணக்கு. நீ துள்ளிக் குதித்தாய். ஆனால் நம் வீட்டு டிவியில் அந்த ஒயரைச் சொருக ஓட்டையே இல்லை. நான் டிவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாய். எங்கே என்று கேட்க வேண்டுமா? டில்லி தன் கடை டிவியில் அதை மாட்டிக் கொடுத்தான். அதற்கப்புறம் அது அங்கேயே இருந்துவிட்டது. என் கைக்காசில் வாங்கிய பெட்டியால் டில்லி கடைக்கு ஒரு புது விளையாட்டு வந்தது, ஊர்ப்பிள்ளைகள் அதற்கு வரிசையில் நின்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பேஜாராக இருக்கிறது. கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

நீ பெரியவனாகி, சென்னைக்குப் போய், சம்பளம் வாங்கி, அந்தப் பழைய பெட்டிகளையும் கேசட்டுகளையும் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சிலர் குடிக்கிறார்கள், சிலர் நிலம் வாங்குகிறார்கள். உன்னைப் போல் சேர்க்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு டீக்கடை மாடியில் கூடியதாக முதல் வருஷம் சொன்னாய். அடுத்த வருஷம் ஒரு பள்ளிக்கூட ஹால். இந்தத் தடவை கல்யாண மண்டபத்தையே எடுத்திருக்கிறோம், வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்றாய். அப்புறம்தான் அந்தப் பேச்சை எடுத்தாய். "நைனா, நீங்களும் வரணும். வரும்போது நல்ல பட்டு அங்கவஸ்திரம் ஒண்ணு எடுத்துகினு வாங்க. மேடையில ஒருத்தருக்குப் போடணும்."

ஒருத்தருக்கு. யாருக்கு என்று நீ சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் அது எனக்குத்தான் என்று நினைப்பது என் தப்பா? பிள்ளை ரகசியமாக ஒரு சந்தோஷம் கொடுக்கப் பார்க்கிறான், நாமும் தெரியாத மாதிரியே இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். முள்ளிப்பட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் உட்கார்ந்து, இருந்ததை எல்லாம் எடுத்துப் போடச் சொன்னேன். நான் கறுப்பு. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்டது கறுப்புக்கு எடுப்பாக இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி முன்னால் போட்டுப் பார்க்கும்போது உன் அம்மா பின்னால் வந்து நின்றாள். யாருக்கு என்று கேட்டாள். யாரோ பெரிய மனுஷனுக்கு என்றேன். "அந்தப் பெரிய மனுஷன் தோள் உங்க தோள் அளவுதானா?" என்றாள். அன்றைக்கே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். யாரிடமாவது பொன்னாடை வாங்கி வரச் சொன்னால், அது யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

மண்டபத்தை எனக்குப் பிடித்தது. இதை நீ நம்ப வேண்டும். வாழைமரம் இல்லை, மேளம் இல்லை, ஆனால் முகூர்த்தக் கூட்டம். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டிய இடத்தில் முதுகு பெருத்த பழைய டிவி ஒன்று பூமாலையோடு உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு மேஜைகளில் எல்லாம் பெட்டிகளும் கேசட்டுகளும். தொப்பை விழுந்த ஆண்கள் ஒரு கேசட்டைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். ஒருவர் தன் மனைவியிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்தம்மாவின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். புருஷன் வாங்காமல் விடமாட்டான் என்று தெரிந்துவிட்ட முகம். எதிரில் வந்தவர்கள் எல்லாம் உன்னை ஆரணி குமரேசன் என்று கூப்பிட்டார்கள். ஆரணி என்றால் பட்டு என்றுதான் உலகம் சொல்லும். ஒரு மண்டபமே ஆரணி என்றால் நீ என்கிறது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன் மேஜையைத் தேடி வந்தேன். மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் உன் பை இருந்தது. இன்னொன்றில் டில்லி இருந்தான்.

அவன் முந்தின நாளே உன் காரில் வந்துவிட்டானாம், ராத்திரி உன் வீட்டில் தங்கினானாம், காலையில் மருமகள் இடியாப்பம் செய்து போட்டாளாம். இதை எல்லாம் அவனே சந்தோஷமாகச் சொன்னான். நான் காலையில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மடியில் அங்கவஸ்திரப் பையோடு வந்தவன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை பார். மேடையில் எனக்குப் போடும்போது கைதட்ட ஒரு ஊர்க்காரன் இருக்கட்டும் என்றுதான் நீ அவனைக் கூட்டி வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். மைக்கில் கூப்பிட்டார்கள். முதன்முதலில் தங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்த பழைய கடைக்காரர்களை ஒவ்வொருவரும் மேடைக்கு அழைத்து வரலாம் என்றார்கள். நீ என்னிடம் வந்து, "நைனா, அந்தப் பைய குடுங்க" என்றாய். கொடுத்தேன்.

மாம்பழ நிறம் டில்லிக்கு எடுக்கவே இல்லை. அவன் சிவப்பு, அந்த நிறத்தில் வெளிறிப்போய் நின்றான். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி. நீ மைக்கைப் பிடித்து, "டில்லி அண்ணன் இல்லன்னா நான் இங்க இல்ல" என்று சொன்னபோது அந்தத் திருப்தியும் போய்விட்டது. அண்ணன் இல்லையென்றால் நீ அந்த மேடையில் இல்லை என்பது உண்மைதான். நான் இல்லையென்றால் நீ எந்த மேடையிலும் இல்லை என்பதை யாராவது மைக்கில் சொல்வார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். என் கையும் தட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய். அவனைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று படம் எடுத்துக்கொண்டது. நீ அவனைச் சாப்பிடக் கூட்டிப் போகும்போது, கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னாய். எனக்கு ஒரு வேலை கிடைத்தது. டில்லி எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து, கண்ணாடிக் காகிதம் சுற்றி வைத்திருந்த ஒரு கேசட் அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கும் ஆசை இருக்கிற கண் எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், கையில் எடுத்துத் திருப்பினார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். இந்த மாதிரி ஆளை நான் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. மடித்து வைத்த புடவையை மடித்தபடியே காட்டி யார் விற்க முடியும்? முந்தியை விரிக்க வேண்டும், கரையைத் திருப்பிக் காட்ட வேண்டும், வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். "சும்மா பாருங்க சார், பார்க்கிறதுக்குக் காசா" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் அந்தக் காகிதத்தை ஒரு கீறு கீறி, உரித்து, அட்டையைத் திறந்து, கேசட்டை ஒரு பக்கம், சின்னப் புத்தகத்தை ஒரு பக்கம், அட்டையை விரித்து ஒரு பக்கம் என்று மேஜை முழுக்கப் பரப்பிவிட்டேன். நன்றாகவும் பரப்பினேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பிரிக்காமல் இருந்ததுதான் அதன் மதிப்பு என்று எனக்கு யார் சொன்னார்கள்? பிரிக்காத பொருளுக்கு இத்தனை வருஷம் காவல் இருக்கிற மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்கள். நீ ஓடி வந்தாய். கிழிந்த காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாய். "பரவால்ல நைனா" என்றாய். உன் வாய் மட்டும்தான் அதைச் சொன்னது. நீ என்னைத் திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டியிருப்பேன், அங்கேயே முடிந்திருக்கும்.

அப்போது டில்லி முன்னால் வந்தான். என் அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தான். "வுடுப்பா. கேசட்டுன்னா போட்டு ஆடறதுக்குத்தான. இத்தினி வருஷம் ஒருத்தரும் ஆடாத கேசட்டு, வா, நாம மொதல்ல ஆடலாம்" என்று சொல்லி அதை எடுத்து டிவியில் மாட்டினான். உன் கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்தான். நீங்கள் ஆடினீர்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் பாதிக் கூட்டம் உங்கள் பின்னால் நின்று கத்தியது. உன் முகம் மாறிவிட்டது, சிரித்தாய். கோயம்புத்தூர்க்காரர்கூட வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் பிரித்ததால்தான் ஐயா இதைப் பார்த்தோம் என்றார். டில்லி என்னைக் காப்பாற்றிவிட்டான். எல்லாவற்றிலும் எனக்கு அதுதான் தாங்க முடியாதது. நான் செய்த தப்பைக்கூட அவன் எடுத்து உனக்குச் சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தான். ஊருக்குத் திரும்பும்போது அவன் முன் சீட்டில் உன்னோடு பேசிக்கொண்டு வந்தான். நான் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டே வந்தேன்.

அதனால்தான் நீ அவனிடம் பெட்டிகளை வைக்கப் போவதாகச் சொன்ன மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். கோட்டைப் பக்கம், இப்போது அவன் வைத்திருக்கிற செல்போன் ரிப்பேர் கடைக்குப் பின்னாலேயே வீடு, உனக்குத் தெரியும். "வாண்ணா, குந்து. இன்னா இந்த வெயில்ல நடந்துகினு வந்துகிற" என்றான். நான் உட்காரவில்லை. என் பிள்ளையின் பெட்டிகளை நீ வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நின்றபடியே சொன்னேன்.

"நான் எங்கணா கேட்டேன்? அவனாத்தான் வச்சுக்கோன்னான். உங்க வூட்ல வச்சா நீ எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுவியாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நீ இதை அவனிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தேன். குடிக்கும்போதுதான் எனக்கு உண்மையான பயம் எதுவென்று தெளிவாகத் தெரிந்தது. பெட்டி போனால் போகட்டும், எனக்கு அதை வைத்து என்ன ஆகப்போகிறது. பெட்டி எங்கே இருக்குமோ பிள்ளை அங்கே இருக்கும், இதை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். யாழினி பள்ளி விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு டில்லி தாத்தா வீட்டுக்கு ஓடுவாள். ராத்திரிச் சாப்பாட்டில் டில்லி தாத்தா கண்ணை மூடிக்கொண்டே அஞ்சாவது ஸ்டேஜ் தாண்டியதைச் சொல்வாள். இப்போது நான் ஊரிலேயே இருக்கிறேன், மூட்டை இல்லை, சாயந்தரம் எல்லாம் என்னுடையது. அப்படியிருந்தும் அவனே ஜெயித்தால் நான் எதைச் சொல்லிச் சமாதானம் செய்துகொள்வது?

அதனால் வியாபாரம் பேசினேன். அந்தப் பெட்டிகளில் பிரிக்கக் கூடாதது எவ்வளவு, ஆடுவதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு டிரங்கு பெட்டிதாண்ணா பிரிக்கக் கூடாதது. மதிப்பெல்லாம் அதுலதான் இருக்குது. மீதியெல்லாம் தேஞ்ச கேசட்டு, போட்டு ஆடறது" என்றான்.

"அப்ப மதிப்பானத நீ வச்சுக்கோ. என் கை அதுல படவே வேணாம். தேஞ்சத எனக்கு வுட்டுடு."

நியாயம்தான் என்று முதலில் தலையாட்டினான். பாதி ஆட்டத்திலேயே நிறுத்திவிட்டான். என்னை உற்றுப் பார்த்தான்.

"அண்ணா, அப்ப கொழந்த எங்க இருக்கும்?"

"போட்டு ஆடற எடத்துல."

"வியாபாரிணா நீ" என்றான். அப்புறம், "நான் மூடின பெட்டிய பார்த்துகினு இங்க குந்தினிருக்கணுமா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்க ஆரம்பித்தான், ஆனால் முடிக்கும்போது குரல் அவ்வளவு விளையாட்டாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வா, டீ கொடுக்கிறேன் என்றேன். வாரத்தில் ஒரே நாளா என்றான்.

"எனக்கு ரெண்டு நாள் கெடச்சுது. உனக்கு ஒண்ணு."

நான் எந்த இரண்டு நாளைச் சொல்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு எழுந்து, கடையில் கிடந்த ஒரு பழைய டிவியை இழுத்து வைத்து, மஞ்சள் ஒயர் எங்கே, வெள்ளை எங்கே, சிவப்பு எங்கே என்று எனக்குக் காட்டினான். கேசட்டை எப்படிச் சொருகுவது, படம் வராவிட்டால் எப்படி எடுத்துத் துடைப்பது என்று செய்யவைத்துப் பார்த்தான். நான் ஒரு ஆட்டம் ஆடினேன். குள்ள மனிதன் ஓடிய வேகத்தில் முதல் பள்ளத்திலேயே விழுந்து செத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நொடியில் டில்லியும் சிரித்தான். வாசல் வரைக்கும் வந்து என்னை அனுப்பினான். புதன்கிழமையும் வா என்று சொல்லிவிடலாமா என்று தெருமுனை வரை யோசித்தேன். சொல்லவில்லை.

குமரேசா, வெளிநாடு போகிற பிள்ளைக்கு அப்பன் சொல்ல வேண்டிய புத்தி என்று நிறைய இருக்கிறதாம். குளிர் பார்த்துக்கொள், காசு பார்த்துக்கொள் என்பதை எல்லாம் உன் அம்மா போனில் சொல்லிவிடுவாள். நான் சொல்வது ஒன்றுதான். நீ ஊரில் இல்லாத சாயந்தரங்கள் காலியாகவே இருக்காது. யாராவது ஒருவர் வந்து அதில் உட்கார்ந்துகொள்வார். தினமும் பேசும்போது பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் கேட்காதே, யாரோடு இருந்தாள் என்று கேள், எதற்குச் சிரித்தாள் என்று கேள். நான் உன்னிடம் எத்தனையாவது ரேங்க் என்று மட்டும்தான் கேட்டேன். அந்த இடத்தில் யாரும் உட்காராமல் உன்னால் தடுக்க முடியாது. யார் உட்கார்வது என்பதை மட்டும் நீ பார்த்து வைக்கலாம். எனக்கு அப்படிப் பார்த்து வைக்க முடியவில்லை. முடிந்திருந்தாலும் டில்லியைவிட நல்ல ஆளாகத் தேடிப் பிடித்திருக்க மாட்டேன். இந்த வரியை அவனுக்குப் படித்துக் காட்டாதே.

உன்னால் இப்போது பார்த்து வைக்க முடியும். என்னை உட்கார வை. டிரங்குப் பெட்டியை அவனிடம் இறக்கிவிட்டு, மீதியை எல்லாம் நீயே நம் வீட்டுக்குக் கொண்டுவந்து மாடி அறையில் அடுக்கிக் கொடு. டிவிக்கு ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கிவிட்டேன், வெயில் படாது. யாழினிக்கு நான் கற்றுக்கொடுக்கப் போவதில்லை, எனக்கென்ன தெரியும். அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் பள்ளத்தில் விழுவேன், அவள் சிரிப்பாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் கழித்து நீ திரும்பி வந்து அவள் பக்கத்தில் சாப்பிட உட்காருவாய். தூர தேசத்தில் நீ செய்த பெரிய பெரிய வேலையை எல்லாம் சொல்ல ஆரம்பிப்பாய். அவள் உன் பேச்சில் பாதியில் புகுந்து, தாத்தா நேற்று என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பிப்பாள். உனக்கு வயிறு எரியும். எரியட்டும். நான் எரிந்தது போதும், இனி உன் முறை.

ஆரணியிலிருந்து,
உன் நைனா